பத்து விரலும் என்னிடம்தான்

வலது மோதிர விரலில் ஒரு கட்டி மளமளவென்று வளர்ந்தது. தாம்பரத்தில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "கேன்சர் மாதிரி இருக்கு சார். விரலை எடுத்துடலாம்" என்றார்.

படியேறினாலும் விரல்விட்டு எண்ணுகிறவன் நான். ஒன்பதோடு எப்படி நிறுத்துவது?

"பயாப்ஸி பண்ணாம விரல்ல கத்தி வைக்க விடமாட்டேன்" என்றேன்.

"ஒரு விரலுக்காக உயிரை விடப்போறீங்களாப்பா?" என்று மகள் அழுதாள்.

"உயிரும் என்னோடது, விரலும் என்னோடதும்மா!"

குரோம்பேட்டையில் வேறொரு எலும்பு மருத்துவர் கட்டியில் சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி சோதனைக்கு அனுப்பினார். எலும்பின்மேல் அரிதாக வளரும் கட்டியாம்; எக்ஸ்ரேயில் புற்றுநோய்போல் ஏமாற்றுமாம், ஆனால் புற்றுநோய் இல்லையாம். கட்டியை மட்டும் செதுக்கி எடுத்தார். மறுபடி வளரக்கூடும் என்பதால், கூப்பிடும்போதெல்லாம் போய்க் காட்டுகிறேன்.

இப்போது யார் எதை வெட்டச் சொன்னாலும், முதலில் சோதனை முடிவைக் கேட்கிறேன். முறைத்தால், பத்து விரலையும் விரித்துக் காட்டுகிறேன்.