சோதினை அறையிலை ஓம் சொல்லாதையுங்கோ

சோதினை மேற்பார்வை எண்டது, கண்ணாலை பாக்கலாம், காதாலை கேக்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது எண்ட வேலை. என்னைத் தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும், இது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை எண்டு.

மொன்றியலிலை, அஹுன்ட்சிக் பக்கம் ஒரு கல்லூரி. வகுப்புத் துவங்க முதல் ஆர் ஆரை எந்த லெவலிலை இருத்திறது எண்டு பாக்க ஒரு சோதினை வைப்பினம். முதல் கொம்பியூட்டரிலை எழுத்து, பேந்து ஒரு ரீச்சருக்கு முன்னாலை இருந்து பிரெஞ்சிலை கதைக்கவேணும். நீங்களும் எழுதியிருப்பியள். எழுதி, லெவல் ரெண்டிலை விழுந்து, வீட்டை போய் "கொம்பியூட்டர் பிழை" எண்டும் சொல்லியிருப்பியள். எனக்கு ஒளிக்காதையுங்கோ, நான்தான் கதவடியிலை நிண்டனான்.

பாஸ்ட் பேப்பர்

போன ஆவணியிலை சறோ அக்கா வந்தா. லாசாலிலை ஒரு கார்டரியிலை, சின்னப் பிள்ளையளைப் பகலிலை வைச்சுப் பாக்கிற இடத்திலை, சமைக்கிறவ. இனிமேல் சாப்பாடு வெளியிலையிருந்து வரப்போகுதாம், குசினியைப் பூட்டப்போகினமாம். பொறுப்பா இருக்கிற மனிசி நல்லவ. "கல்லூரியிலை பிள்ளை பராமரிப்புப் படிக்கச் சேந்தியெண்டா உன்னைப் பிள்ளையளோடையே வைச்சிருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டா. அந்தப் படிப்புக்கு லெவல் நாலு வேணும். நாலு வந்தா வேலை நிலைக்கும், குறைஞ்சா வேலை போச்சு. கதை அவ்வளவுதான்.

அக்காவை விட அவவின்ரை மனிசன் பரம் அண்ணைக்குத்தான் கூடப் பதட்டம். மனிசியின்ரை ஹான்பாக்கைக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு என்ரை மேசையடிக்கு வந்தார்.

"பிள்ளை, பாஸ்ட் பேப்பர் ஏதும் இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"மாதிரி வினாத்தாள்?"

"அதுவும் இல்லை."

"இதுக்கு ஆரும் ரியூசன் குடுக்கினமோ?"

"அண்ணை, இதிலை பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. ஆள் எந்த லெவல் எண்டு பாக்கிறது மட்டும்தான்."

மனிசன் என்னை மேலையும் கீழையும் பாத்தார். வாழ்க்கையிலை இப்பிடியொரு பொய்யை அவர் கேட்டதில்லை எண்டது முகத்திலை எழுதியிருந்துது.

"பெயிலே இல்லாட்டி என்ன மண்ணாங்கட்டிக்கு உதைச் சோதினை எண்டு வைச்சிருக்கிறியள்?"

மோர்

வாய்ச் சோதினை எடுக்கிற ரீச்சருக்குப் பேர் மதாம் ஜினெத். நல்ல மனிசி, ஆனா எங்கடை பேருகளைக் கண்டா அவவுக்கு வேர்க்கும். கடைசிப் பேர் எண்ட இடத்திலை இருக்கிறதைத்தான் கூப்பிடுவா. எங்களுக்கு அந்த இடத்திலை இருக்கிறது தகப்பன்ரை பேர் எண்டு உங்களுக்குச் சொல்லவேணுமே.

அண்டைக்கும் எழுத்துச் சோதினை துவங்க முதல் வாசலிலை நிண்டு பேர் வாசிச்சா. "தம்பிராசா!"

ஒருத்தரும் எழும்பேல்லை. திருப்பியும் "தம்பிராசா!" சறோ அக்கா பயத்திலை வெலவெலத்துப்போய் இருந்தவ, தேப்பனைத்தான் தேடுகினம் எண்டு நினைச்சுப்போட்டா. எழும்பி நிண்டு, பிரெஞ்சிலை, துக்கமாச் சொன்னா: "இல் எ மோர், மதாம்." அவர் செத்துப்போனார் எண்டு அர்த்தம்.

ஜினெத் நெஞ்சிலை கையை வைச்சிட்டா. அறையிலை இருந்த சனம் முழுக்க அனுதாபமாத் திரும்பிப் பாத்துது. நான் ஓடிப்போய், ஆள் இவதான், செத்தது தேப்பன், அது எப்பவோ நடந்தது எண்டு விளங்கப்படுத்தி முடிக்க எனக்குத் தண்ணி விடாய்ச்சுப்போச்சு. வெளியிலை வந்தா, விறாந்தையிலை இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்த பரம் அண்ணை என்னை மறிச்சார்.

"பிள்ளை, உள்ளை மோர் குடுக்கிறாங்கள் போலை, எனக்கும் ஒண்டு கிடைக்குமே?"

எல்லாம் பிழை

அதே அறையிலை, சறோ அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையிலை, புரோசார்டிலையிருந்து வந்த சென்னைக்காரப் பெடியன் ஒருத்தன், இங்கை எல்லாரும் எடுக்கவேண்டிய இங்கிலிஸ் பாடத்துக்கான லெவல் சோதினை செய்தவன். அக்கா முதல் கேள்வியை வாசிச்சு முடிக்க முதலே அவன் முழுக்கச் செய்து போட்டு எழும்பிட்டான். மாக்ஸ் வந்துது. ஒண்டுகூடச் சரியில்லை. கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாலும் நாலைஞ்சாவது சரிவந்திருக்கும்.

எனக்கு உந்த விளையாட்டுத் தெரியும். கீழ் லெவலிலை விழுந்தா வகுப்பு லேசு, வருசம் முழுக்கப் படுத்தெழும்பலாம். இங்கிலிஸ் பள்ளிக்கூடத்திலை படிச்ச பெடியன், "இது ஒரு பூனை" எண்டு படிக்கப்போறான். கூட வந்த தேப்பன் கோவத்திலை துள்ளிக் குதிச்சார். பேந்து கொஞ்சம் யோசிச்சார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்துது.

"மேடம், ஒண்ணு விடாம எல்லாத்தையும் தப்பாப் போடணும்னா எல்லாத்துக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணுமே, அப்ப இவன் படிச்சிருக்கான்!"

ஓம்

சறோ அக்கா எழுத்திலை தட்டித்தடவி நாலின்ரை விளிம்பிலை வந்து நிண்டா. இனி எல்லாம் வாய்ச் சோதினையிலைதான். அதுக்கு நானும் சாட்சியாப் பின் கதிரையிலை இருக்கவேணும். வழக்கம்போலை வாயை மூடிக்கொண்டு.

ஜினெத் மெதுவா, பிள்ளையளுக்குச் சொல்றமாதிரிக் கேட்டா. "நீங்கள் மெட்ரோவிலையோ வந்தனீங்கள்?"

"ஓம்" எண்டா சறோ அக்கா.

"வேலைக்குப் போறனீங்களோ?"

"ஓம்."

"ஆர் அங்கை சமைக்கிறது, நீங்களோ?"

"ஓம், ஓம்."

ஜினெத்தின்ரை புருவம் மேலை போச்சு. அப்பதான் எனக்குப் பொறிதட்டிச்சுது. அட கடவுளே! பிரெஞ்சிலை ஓம் எண்டா ஆம்பிளை! மெட்ரோவிலை வந்தது ஆம்பிளை, வேலைக்குப் போறது ஆம்பிளை, சமைக்கிறதும் ஆம்பிளை. ஆமெண்டதுக்குப் பிரெஞ்சிலை "உவி" எண்டு அக்காவுக்குத் தெரியாமலில்லை. ஆனா பயத்திலை வாயிலை வாறது பிறந்த நாளிலையிருந்து சொன்ன ஓம் தானே.

"நீங்கள் தனியவோ இருக்கிறியள்?" எண்டு ஜினெத் கேக்க, அக்கா கேள்வியைப் பிழையா விளங்கி, தலையையும் பலமா ஆட்டி, "ஓம், ஓம், ஓம்!" எண்டா. மூண்டு ஆம்பிளையள்.

நான் கதிரையிலை நெளிஞ்சன். இருமினன். செருமினன். ஜினெத் எனக்குத் தண்ணிப் போத்திலை நீட்டினா. லெவல் ரெண்டு எண்டு எழுதினதைப் பின்னாலையிருந்து கண்டன். அக்கா ஒண்டும் தெரியாமல் "மேர்சி" எண்டு நன்றி சொல்லிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு போறா. கதவு சாத்தினதும் ஜினெத் பேனையை வைச்சுப்போட்டுப் பெருமூச்சு விட்டா.

"பாவம் அந்த மனிசி, என்னத்தைக் கேட்டாலும் அவவுக்கு ஆம்பிளைதான் பதில்."

வாயிலை வைக்காதை

சோதினை முடிஞ்சுது, இனி என்ரை வாய்க்கு ஆர் பூட்டுப் போடுறது? கொட்டித் தள்ளினன். எங்கடை பாசையிலை ஓம் எண்டா என்ன, உது எவ்வளவு பெரிய அநியாயம், அந்த மனிசிக்கு நாலு வராட்டி வேலை போயிடும், எல்லாம். ஜினெத் முதல் முழிச்சா, பேந்து கண்ணாலை தண்ணி வரச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சுப்போட்டு, "ஓடு, ஆளைப் பிடி. இண்டைக்குள்ளை எண்டா நான் திருப்பிக் கேக்கலாம்" எண்டா.

பஸ் தரிப்பிடத்திலை பிடிச்சன். அக்கா அப்பதான் பரம் அண்ணையோடை பஸ்ஸிலை ஏறினவ. "அக்கா, இறங்குங்கோ! ஓம் மட்டும் சொல்லாதையுங்கோ!" எண்டு கத்தினதிலை, பஸ்ஸுக்கை இருந்த வேறை ரெண்டு தமிழரும் இறங்கிட்டினம்.

திரும்பி வந்து இருந்தா அக்காவுக்கு இப்ப வாயே வரேல்லை. ஓம் வந்திடுமோ எண்ட பயத்திலை உதட்டை இறுக்கிக்கொண்டு இருக்கிறா. எனக்கு அழுகை வந்திட்டுது, உண்மையாத்தான். ஜினெத் யோசிச்சுக்கொண்டு பேனையின்ரை முனையை வாயிலை வைச்சா.

அவ்வளவுதான். சறோ அக்கா பாஞ்சு எழும்பி, "பா தான் லா பூஷ்!" எண்டு ஒரு அதட்டு. வாயிலை வைக்காதை! ஜினெத் பேனையை டக்கெண்டு எடுத்து மேசையிலை வைச்சிட்டா.

பேந்து ஆர் மறிக்கிறது? பேனையிலை எத்தினை பேரின்ரை கை பட்டிருக்கும், கிருமி இருக்கும், காய்ச்சல் வரும், போன கிழமை ஒரு பிள்ளை இப்பிடித்தான் கிரையோனைத் திண்டது, தாயைக் கூப்பிட்டது, தாய் அழுதது, தான் வாழைப்பழம் தீத்தினது. அருவி மாதிரிப் பிரெஞ்சு. எல்லாம் "நீ", "நீ" எண்டுதான். மூண்டு வயதுப் பிள்ளையளிட்டைப் படிச்ச பாசையிலை மரியாதை எங்கை இருக்கும்? ஜினெத் கையைக் கட்டிக்கொண்டு, நிமிந்திருந்து கேட்டா. கடைசியா அக்கா கதவைக் காட்டி ஏதோ சொல்ல, சோதினை எடுத்த ரீச்சர் எழும்பி வெளியிலை வந்தா.

விறாந்தையிலை பரம் அண்ணை ஹான்பாக்கை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு நிக்கிறார். நானும் பின்னாலை ஓடிவர, ஜினெத் என்னட்டைத்தான் திரும்பினா.

"நாலு போட்டிட்டன், போய்ச் சொல்லு, என்னைக் கை கழுவிப்போட்டு வரச் சொல்லியிருக்கிறா."

இத்தினை கால வேலையிலை நான் கண்டது இதுதான்: இலக்கணத்திலை எங்கடை ஆக்கள் எந்த லெவலிலை விழுவினம் எண்டு சொல்லேலாது, ஆனா அதட்டுறதுக்கு ஒரு சோதினை வைச்சா எல்லாரும் நேரை மேல்வகுப்புத்தான்.