எட்டுச் செலவுக்கு ஒரு மலாயாச் சம்பல்

முத்துக்குமாரர் உயிரோடிருந்தபோது அவருக்கு என்ன சாப்பிட விருப்பம் என்று கொக்குவிலில் ஒருவரும் கேட்டதில்லை. செத்து ஏழாம் நாள் அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விறாந்தையில் பாய் விரித்து இருந்த பெண்கள் ஆளுக்கொரு கறியைச் சொன்னார்கள். கணவாய் என்றாள் ஒருத்தி. கணவாயை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார், நண்டுதான் என்றாள் இன்னொருத்தி. இவர்கள் சொல்வதையெல்லாம் தின்றிருந்தால் மனிதர் கிணற்றடியில் விழுந்து சாகவேண்டிய தேவையே வந்திராது, இலையிலேயே முடிந்திருப்பார் என்று அவருடைய பெண்சாதி மீனாம்பிகை நினைத்தாள்.

விடிந்தால் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று வெளியே காத்திருக்கிற நாள். ஒரு மனிதன் மனைவி மக்களின் கரைச்சல் இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிடுவதற்குச் செத்துத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

"தம்பிக்கு ஒடியற்கூழ் எண்டால் உயிர்," என்றாள் தெய்வானைப்பிள்ளை. முத்துக்குமாரரின் தமக்கை. பேச்சை முடித்துவைப்பதற்கென்றே ஒரு குரல் அவளிடம் இருந்தது. "கூழும் பாகற்காய்க் கறியும் நான் வைக்கிறன். மற்றதை நீங்கள் பாருங்கோ."

மீனாம்பிகை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவினாள். அவள் அழவில்லை. தமக்கை பனங்கிழங்கு மாவில் காய்ச்சி அன்போடு கொண்டுவந்து வைத்த ஒடியற்கூழ் அத்தனையையும் முத்துக்குமாரர் கொல்லை வாழையின் அடியில் ஊற்றிவந்ததும், அந்த வாழை ஊரிலேயே கொழுத்த வாழையாக நிற்பதும் அவள் நினைவுக்கு வந்துவிட்டன.

"மச்சாள், கூழ் இருக்கட்டும்," என்றாள். "இவருக்கு மலாயாச் சம்பல் வைக்கவேணும்."

தெய்வானைப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

"எது? பழத்தையும் மிளகாயையும் போட்டுக் குழப்பிற அந்தக் கோதாரியோ?"

"ஓம். அந்தக் கோதாரிதான்."

"நல்ல கதை! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதுக்காக அவனை ஏசினது ஆர்? படலையிலை நிண்டாலே உன்ரை சத்தம் கேக்குமே."

"நான் ஏசினனான் எண்டதுக்காக அவருக்கு விருப்பமில்லை எண்டு ஆகுமோ?"

தெய்வானைப்பிள்ளை வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "சரி, வை. ஆனால் அதின்ரை ருசி உனக்குத் தெரியுமோ? நீ ஒரு நாளாவது அதை வாயிலை வைச்சிருக்கிறியோ? பிழையாய்ச் செய்து படைச்சால் சீவன் வாசலிலை நிண்டு அந்தரிக்கும். அரைகுறையாய்த் தெரிஞ்சதை நான் என்ரை தம்பியின்ரை இலையிலை வைக்க விடமாட்டன்."

அது உண்மைதான். அவர் தன் கையால் செய்த ஒரே சாப்பாடு. அதை அவள் தொட்டதேயில்லை.

முத்துக்குமாரர் மலாயாவில் ரயில் பகுதியில் இருந்தவர். சிரம்பான் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் மாஸ்டராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு வந்தவர். கப்பலால் இறங்கியபோது இரண்டு ட்ரங்குப் பெட்டி, ஒரு சுவர் மணிக்கூடு, கோடை வெயிலிலும் கழற்றாத ஒரு கோட்டு, அத்தோடு இந்தச் சம்பல். வந்த கிழமையே அடுப்படிக்குள் நுழைந்தார். கந்தசட்டி விரதம் நடக்கிறது என்பதை மறந்து, பெட்டிக்குள் கொண்டுவந்த மலாய்க்காரரின் இறால் கட்டியைத் தணலில் சுட்டார். அந்த மணம் கொக்குவில் ஸ்டேஷன் மட்டும் போனது. விரதகாரி மீனாம்பிகை கிணற்றடிக்கு ஓடிப்போய்த் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்று சத்தியம் பண்ணினாள்: "நல்லூரான் அறிய, இந்தக் கண்றாவியை என்ரை வாயாலை தொடமாட்டன்."

அந்த இறால் கட்டியை முத்துக்குமாரர் அன்றைக்கே புதைத்துவிட்டார். சம்பலை விடவில்லை. ஞாயிறு மத்தியானம் அது நடந்தே தீரும். முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் போட்டு அவள் முன்னால் நீட்டுவார்.

"இஞ்சேரும், ஒரு துண்டு தின்னுமன்."

"நான் செத்தாப் பிறகு வாய்க்கரிசியோடை சேர்த்துப் போடுங்கோ."

இது பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்த பூசை. பதில் மாறினால்தான் இருவருக்கும் காய்ச்சல் வந்திருக்கும். கடைசியில் வாய்க்கரிசியை அவள்தான் அவருக்குப் போட்டாள். டாக்குத்தர் சொன்ன சலரோகம் ஒரு பக்கம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்க, கிணற்றடிப் பாசி முந்திக்கொண்டுவிட்டது. மகன் சிங்கப்பூரில். அவன் கப்பலேற முதல் எல்லாம் முடிந்துவிட்டது.

பெண்கள் தேத்தண்ணி குடிக்க எழும்பியதும் மீனாம்பிகை அடுப்படிக்குப் போனாள். பரீட்சைக்கு ஒரு கிண்ணம் இன்றைக்கே செய்து பார்ப்பது என்று முடிவுகட்டினாள். நாளைக்குச் செய்வது படையல். அதை ருசி பார்க்க முடியாது. வாயில் பட்டால் எச்சில். இன்றைக்குச் செய்வது வெறும் சம்பல்.

கத்தியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றாள். பக்குவம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, தான் ஏசியது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு கை தானாக ஓடியது.

"இதென்ன மாங்காய்? பழமும் இல்லை, காயும் இல்லை, கலியாணப் பேச்சு முற்றாகாத பெட்டை மாதிரி!" என்று எத்தனை தடவை ஏசியிருப்பாள். அப்படியானால் செங்காய். வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் பாதி பழுத்த காய் இரண்டு பிடுங்கினாள். "எறும்புக்குச் சோறு போடவோ இப்பிடி நறுக்கிறியள்?" என்பாள். ஆகவே பொடிப்பொடித் துண்டுகள். "கண்ணைத் தோண்டித் தோண்டி அன்னாசியிலை மிஞ்சினது ஓட்டைதான்!" கண் ஒன்றும் விடாமல் தோண்டினாள். "வெங்காயத்தை உப்புத் தண்ணியிலை முழுகவார்க்க அதென்ன பிறந்த பிள்ளையோ?" சின்ன வெங்காயத்தை மெல்லிசாய் அரிந்து உப்புத் தண்ணீரில் போட்டாள். "ஊர் முழுக்கத் தும்முது, கேக்குதோ?" செத்தல் மிளகாயைத் தணலில் சுட்டு நொறுக்கினாள், அவளே தும்மினாள். "தேசிக்காயைப் பலகையிலை போட்டு உருட்டுறியளே, சாறு எடுக்கவோ, கோலி விளையாடவோ?" தேசிக்காயை உருட்டிப் பிழிந்தாள்.

அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு ஏச்சும் ஒரு பக்குவமாக நின்றது. கொஞ்சம் நல்லாய்க் கதைத்திருந்தால் இன்றைக்கு ஒன்றுமே தெரிந்திராது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிழக்கு வேலிக்குப் போனாள். கிடுகு வேலியில் ஒரு பொட்டு, கை நுழைகிற அளவு ஓட்டை, இருந்தது. அதன் வழியாகத்தான் ஞாயிறு தோறும் ஒரு கிண்ணம் சம்பல் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே இருப்பவள் றோஸ், மிஷன் பள்ளிக்கூடத்து ரீச்சர். ஞாயிறு கோயிலால் வந்ததும் அவளுக்கு அதுதான் பிரசாதம். தன் புருஷனுடைய கைருசி வேதக்காரிக்குத் தெரியும், தனக்குத் தெரியாது என்பதை நினைக்க மீனாம்பிகைக்கு நெஞ்சு கொஞ்சம் காந்தியது. சம்பல் தின்றவளைப்போல.

"றோஸ், இதை ஒருக்கால் வாயிலை வைச்சுச் சொல்லும். அவர் செய்யிற மாதிரி இருக்கோ?"

றோஸ் கண்ணை மூடி மென்றாள். முதலில் தலையாட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள்.

"எல்லாம் சரி அக்கா. ஆனால் ஒண்டு குறையுது."

"உப்போ?"

"இல்லை. இனிப்பு. அவர் பனங்கட்டி போடுவாரெல்லோ?"

"பனங்கட்டியோ? அவரோ? விசர்க்கதை கதையாதையும். அவருக்குச் சலரோகம். தேத்தண்ணிக்குக்கூட நான் ஒரு கடி குடுக்கிறேல்லை. பனங்கட்டிக் குட்டான் அலுமாரிக்குள்ளை, திறப்பு என்ரை முந்தானையிலை. நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான், அவர் ஒரு நாளும் போடேல்லை."

றோஸ் தயங்கினாள். செத்தவரைக் காட்டிக்கொடுப்பதா என்று யோசித்திருக்க வேண்டும்.

"நீங்கள் நிண்டு பாக்கேக்கை போடமாட்டார் அக்கா. ஊறட்டும் எண்டு மூடி வைப்பாரெல்லோ? நீங்கள் அதுக்குள்ளை ஒரு கண் நித்திரை கொள்ளுவியள். அதுக்குப் பிறகுதான் பனங்கட்டி விழும். ஒரு நாள் பொட்டுக்காலை நான் கண்டிட்டன். 'ரீச்சர், உங்கடை வேதத்திலை களவு எத்தினையாம் கட்டளை?' எண்டு கேட்டார். 'எட்டாவது' எண்டன். 'அப்ப முதல் ஏழையும் நான் ஒழுங்காய்த்தான் வைச்சிருக்கிறன்' எண்டார்."

மீனாம்பிகை வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள்.

அலுமாரித் திறப்பை முடிந்துவைக்கிற முந்தானை முடிச்சு. அவள் போடுவது சாதாரண இரட்டை முடிச்சு. ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் அது வேறு விதமாக இருக்கும்; இறுகி, அழகாய், ஒரு வால் மேலே நிற்க. நித்திரையில் புரண்டதில் இறுகியிருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அது ஸ்டேஷன் மாஸ்டர் பார்சலுக்குப் போடுகிற முடிச்சு! ஓலைக் குட்டானில் பனங்கட்டி குறையக் குறைய, எறும்பு தின்கிறது என்று அலுமாரிக் கால் நாலுக்கும் தண்ணீர்ச் சிரட்டை வைத்தாள். அந்தச் சிரட்டைகளுக்கு ஒழுங்காகத் தண்ணீர் விட்டு வந்தது அவர்தான். "எறும்பு பொல்லாத சாதி" என்று சொல்லிச் சொல்லி விட்டார்.

அதற்குப் பிறகு, தூக்கத்தால் எழும்பி வருகிறவளிடம் அந்தக் கிண்ணத்தையே நீட்டி, "ஒரு துண்டு தின்னுமன்" என்று கேட்டிருக்கிறார்! ஒரு துண்டு, ஒரேயொரு துண்டு தின்றிருந்தாளானால் களவு அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். அவள் சத்தியத்தை நம்பி, கிழவன் ஞாயிறு தோறும் தன் கழுத்தை அவள் முன்னால் நீட்டி விளையாடியிருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது. பிறகு வயிற்றால் வந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். சத்தம் கேட்டு விறாந்தைப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

"ஐயோ, மூளை பிசகிப்போச்சு! தேசிக்காய் கொண்டுவாங்கோ, தலையிலை தேய்க்க!"

"தேசிக்காயெல்லாம் சம்பலுக்குள்ளை போட்டிட்டன்," என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது எப்போது சிரிப்பிலிருந்து மற்றதற்கு மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் அவள் படையற் சம்பலைச் செய்தாள். ருசி பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். குட்டானில் இருந்த பனங்கட்டியைக் கத்தியால் சீவத் தொடங்கினாள். தெய்வானைப்பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி பிள்ளை செய்யிறாய்? தம்பிக்குச் சலரோகமெல்லோ!"

"மச்சாள், எரிச்சுச் சாம்பலைக் கீரிமலையிலை கரைக்கக் குட்டிக் குடத்திலை கட்டி வைச்சிருக்கு. இனி அதிலை சீனி கூடினால் என்ன, குறைஞ்சால் என்ன?"

"அவன் இனிப்புப் போடுறவனோ? உனக்கு ஆர் சொன்னது?"

"களவெடுத்துப் போடுறவர். எனக்கு இப்ப நல்லாய்த் தெரியும்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, தெய்வானைப்பிள்ளை விலகி வழிவிட்டாள்.

இலை விரித்தார்கள். சோறு, கணவாய், நண்டு, பாகற்காய், பலகாரம், ஒரு பெரிய சட்டி ஒடியற்கூழ். நடுவில் சம்பற் கிண்ணம். மீனாம்பிகை குட்டானையும் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள், மூடியைத் திறந்தபடி. கதவைச் சாத்தினார்கள். வெளியே இருந்த நேரம் முழுக்க அவள் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். பழக்கதோஷம்.

கதவு திறந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. படைத்ததைப் பகிர்ந்து உண்பது முறை. கிண்ணத்தை எடுத்தது மீனாம்பிகைதான். ஒரு துண்டு மாங்காயை வாயில் போட்டாள். முதலில் புளித்தது. பிறகு பனங்கட்டி வந்தது, ஒளித்து வருகிறவனைப்போல மெல்ல. அது போகமுதல் மிளகாய் நெருப்பாய்ப் பற்றியது. அவள் மென்று விழுங்கினாள்.

"கள்ளன்," என்றாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் சத்தமாகச் சொன்னாள்.

"எப்பிடி?" என்று கேட்டாள் தெய்வானைப்பிள்ளை.

"தின்னலாம்."

தமக்கையும் ஒரு துண்டு தின்று பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னொரு துண்டு எடுத்தாள். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "பிழையில்லை," என்றாள், வாய் நிறைய. மீனாம்பிகை கிண்ணத்தைத் திருப்பித் தன் பக்கம் இழுத்து, றோசுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு விட்டாள்.

ஒடியற்கூழ் மட்டும் சட்டி நிறைய அப்படியே இருந்தது. எல்லாரும் கை கழுவப் போன நேரம் பார்த்து, மீனாம்பிகை சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஒருவரும் பார்க்கவில்லை என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். வாழையின் அடியில் கூழை ஊற்றினாள். எந்தப் பக்கம் ஊற்றவேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அங்கே மண் ஏற்கெனவே குழிந்திருந்தது.