வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு குழந்தைகள் மையம்

1. சித்திரை மாதம், ஒரத்தநாட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், குழந்தைகள் மையம் கட்ட வடக்குத் தெருவை ஒட்டி இடம் தேர்வு செய்தேன்.
2. பிள்ளைகள் அதிகம் இருப்பது தெற்குத் தெருவில். அங்கிருந்து நடந்து பார்த்தேன். மூன்று நிமிடம்.
3. வரைபடம் போட்டேன். ஒப்புதல் கிடைத்தது.
4. அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடப் போன அன்று வாய்க்காலில் தண்ணீர் வந்தது.
5. நான் மூன்று நிமிடத்தில் நடந்த வழி, அந்த வாய்க்காலின் தரை.

சிவில் படித்து, நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் மையம் அது. வரைபடத்தில் வாய்க்காலைச் சரியாகத்தான் குறித்திருந்தேன். கோடையில் அது வெடித்துக் கிடந்தது, நடுவில் ஒற்றையடித் தடம் விழுந்திருந்தது. தடத்தைப் பார்த்ததும் வழி என்று எண்ணிக்கொண்டேன். நான் தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள்.

கோடு போடுவதை நிறுத்திவிட்டு அக்கரையைப் பார்த்தேன். பம்புசெட் வயலில் நடவுக்குப் புறப்பட்ட பெண்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் செல்வி அக்கா. இடுப்பில் மூன்று வயது மகள் யாழினி.

"இன்ஜினியரம்மா, தோணி ஏதும் பிளான்ல இருக்குதுங்களா?"

"ரோட்டுப் பாலம் வழியா வரலாம்ல அக்கா?"

"வரலாம். இவளக் கூட்டிக்கிட்டு நீங்களே நடந்து காட்டுங்க."

ரோட்டைச் சுற்றித் தெற்குத் தெருவுக்குப் போய், அங்கிருந்து யாழினியோடு நடந்தேன்; அக்காவும் கூட வந்தார். யாழினி வாத்துக் கூட்டத்துக்கு நின்றாள், செருப்பைக் கழற்றினாள், பஸ் ஹாரனுக்கு அழுதாள், பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். மையத்தின் இடத்துக்கு வந்து சேர இருபத்தாறு நிமிடம்.

"விட்டுட்டு நான் திரும்பறதுக்குள்ள பாதி வயல் நட்டு முடிஞ்சிரும்" என்றார் அக்கா. "அப்புறம் என்னை எவ சேத்துக்குவா? பிள்ள பழையபடி வரப்புலதான் கெடக்கும். போன வருஷம் இவ வரப்புலேருந்து தண்ணிக்குள்ள சரிஞ்சா. முடியப் புடிச்சுத் தூக்குனேன்."

அன்று என் நோட்டில் எழுதியது ஒரே வரி: இந்த இடத்தில் கட்டினால் யாழினி வரமாட்டாள்.

ஊராட்சித் தலைவர் சுலபமான வழி சொன்னார். "தெற்குத் தெருவுக்குத் தனியா ஒன்னு சின்னதா போட்டுருவோம்."

செல்வி அக்கா விடவில்லை. "எதுக்குங்க தனியா? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுலதான உக்காரப் போவுதுங்க? ஒரு பாலத்தப் போடுங்க."

தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

என் சீனியர் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். "ஏம்மா, நாம கட்டறது கட்டடமா, பாலமா?"

"வாசலுக்கு வழி இல்லாத கட்டடம் சார் இப்ப நம்ம பிளான்ல இருக்கறது."

"பாலத்துக்குப் பணம்? எதக் குறைப்பே?"

"முகப்பு வளைவை."

வளைவு கிடையாது என்றதும் தலைவர் முகம் வாடிவிட்டது. "வளைவு இல்லாம எப்படிங்க தெறப்பு விழா? பேர எங்க போடறது?"

"பாலத்துல போடலாங்க. தினமும் ரெண்டு தெருவும் படிச்சுக்கிட்டே நடக்கும்."

அவருக்கு அது பிடித்துவிட்டது. பாசனப் பிரிவு அனுமதியை அவரே அலைந்து வாங்கிவந்தார்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் காலம் அது. இடையில் ஆறு நாள் வாய்க்கால் வற்றும் என்று தேதி சொன்னவர் செல்வி அக்கா. அந்த ஆறு நாளில் இரண்டு கரையிலும் தாங்கு சுவர் எழுப்பினோம். பிறகு, முன்பே வார்த்து வைத்திருந்த சிலாப்களைக் கிரேனில் இறக்கினோம். கைப்பிடிக் கம்பி இரண்டு உயரத்தில்: ஒன்று அம்மாவுக்கு, ஒன்று பிள்ளைக்கு. கம்பிகளுக்கு இடையே தலை நுழைகிறதா என்று யாழினி தானே சோதித்தாள். நுழையவில்லை. கோபித்துக்கொண்டாள்.

மையம் திறந்த காலை, பாலத்தில் கட்டிய ரிப்பனைத் தலைவர் வெட்ட வருவதற்குள் யாழினி அதற்கு அடியில் குனிந்து ஓடிவிட்டாள். பின்னால் தெற்குத் தெருப் பிள்ளைகள் அத்தனையும். "சரி, தெறந்தாச்சு!" என்று தலைவரே கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

நான் கற்றது: வழியை அளக்க வேண்டியது என் காலால் அல்ல, அதில் நடக்கப்போகிறவரின் காலால். அதுவும் தண்ணீர் ஓடும் மாதத்தில். எங்கள் அலுவலகத்தின் இடத்தேர்வுப் படிவத்தில் இப்போது அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.

நடவு நாட்களில் மையம் காலை ஐந்தரைக்குத் திறக்கிறது. தெற்குத் தெருவில் பெயர் கொடுத்த பிள்ளைகள் முப்பத்தொன்று. நேற்று பாலம் கடந்து வந்தவர்கள் முப்பது. ஒன்றுக்குக் காய்ச்சல்.