நான்காம் அறைப் புகார்

கிருபானந்தன் அங்கிள் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் மேசையை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துவிட்டு, புகார் புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார். எதைப் பற்றிப் புகார் என்பதை அதற்கப்புறம்தான் தேடுவார். பிரிக்ஃபீல்ட்ஸில் அவருக்குக் கீழ்மாடியில் பதினைந்து வருடம் குடியிருந்தவள் நான். தெருமுனை ரொட்டி சானாய் கடைக்காரர் அவருக்காகவே ஒரு நோட்டு வாங்கி வைத்திருந்தார்.

அவருடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக அரசாங்க மேசை. அங்கிள் முப்பத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா மேரு என்ற ஊரில் லோரி ஓட்டினார். எங்கள் வீட்டுக்குப் படிவம் என்று ஒன்று வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவோம். காசு வாங்காமல் நிரப்பித் தருவார். என் கிறுக்கலைப் பார்த்து, உன் வீட்டிலிருந்து யூனிவர்சிட்டிக்குப் போகிற முதல் ஆளின் கையெழுத்தா இது என்று மட்டும் கேட்பார்.

2018இல் அவருடைய ஓய்வு பெற்றோர் சங்கம் மோரிப் கடற்கரையில் ஓர் இரவு தங்கப் போனது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பழைய பங்களா இப்போது விடுதியாகியிருந்தது. அதன் நான்காம் அறையில் வெள்ளை உடுத்திய பெண் ஒருத்தி நடமாடுவதாகக் கிள்ளான் வட்டாரம் முழுக்கப் பேச்சு. கூட்டக் குறிப்பு எழுதவும் மருந்துப் பைகளைத் தூக்கவும் நானும் போனேன். என் படிப்புக்குச் சங்கம் உதவிநிதி தருவதாக இருந்தது. அதற்குப் பரிந்துரைக் கடிதம் அங்கிள்தான் எழுதவேண்டும்.

நான்காம் அறை யாருக்கும் வேண்டாம். மூட்டு வலி, மாடி ஏற முடியாது என்றார் ஒருவர். அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கிள் சாவியை வாங்கிக்கொண்டார்.

"முப்பத்து நாலு வருஷத்துல ஒரு பேயும் என் கவுன்டருக்கு வந்து ஃபாரம் கேட்டதில்ல," என்றார். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அதிகாலை இரண்டு மணிக்கு ஓர் அலறல். எதிர் அறையிலிருந்து ஓடினேன். அங்கிள் கைலியோடு வராந்தாவில் நின்றார். உள்ளே போய் விளக்கைப் போட்டேன். அலமாரிக் கதவில் அவரே மாட்டிவைத்த வெள்ளைச் சட்டை, மேலே சுழன்ற காற்றாடியின் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. பையில் பேனா. அவரும் பார்த்தார்.

"நீ ஒண்ணும் பார்க்கல, பிள்ளை," என்றார். தலையாட்டினேன்.

காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல், இரவு நடந்ததைக் கேட்கப் பதினோரு பேர் காத்திருந்தார்கள். பேய் என்று சொன்னால் படித்தவர் என்ற மானம் போகும். சட்டை என்று சொன்னால் மிச்சமும் போகும். அங்கிள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்: நிஜமான பெண் ஒருத்தி அறைக்குள் நுழைந்திருக்கிறாள். புகார் புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில், எண் போட்ட நான்கு பத்திகள். அனுமதியற்ற பெண், வெள்ளை உடை, நேரம் 2.10, காவலாளியின் அலட்சியம். விடுதி முதலாளிக்கு ஒரு நகல்.

காவலாளி வாசு அண்ணன் பக்கத்து ஊரான ஜெஞ்சாரோமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"கேட்லதான் சார் உட்கார்ந்திருந்தேன். ஒரு பூனைகூட வரல லா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சிதானே முதல்ல ஓடுச்சு. நீ சொல்லும்மா."

தூக்கக் கலக்கத்தில் எதையும் கவனிக்கவில்லை என்றேன்.

பத்து நாளில் வாசு அண்ணனுக்கு வேலை போனது. ராத்திரியில் பெண்களை உள்ளே விடுகிறவன் என்ற பெயர் மட்டும் கூடவே வந்தது. அதே வாரம் என் பரிந்துரைக் கடிதமும் வந்தது. அதில் என் நேர்மைக்கென்றே தனியாக ஒரு பத்தி.

வாசு அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தேடி வந்தபோது நான் அங்கிள் வீட்டில் இருந்தேன்.

"யாரையும் பார்க்கலன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார். எங்க வேலை கேட்டுப் போனாலும் அதைத்தான் கேட்கறாங்க."

புகாரைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அடுத்த வாரம் வா என்றார் அங்கிள். வாசு அண்ணன் நான்கு முறை வந்தார். நான்கு முறையும் அடுத்த வாரம்தான். அதன்பின் வரவில்லை, மூன்று வருடம் மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்கினார்.

வாசல் கேமராவில் எந்தப் பெண்ணும் இல்லை என்பது விடுதி முதலாளிக்குப் பிறகுதான் தெரிந்ததாம். அவர் வாசு அண்ணனைத் திரும்பக் கூப்பிடவில்லை. புகாரைப் பேய்க்குச் சாட்சியாகக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அரசாங்கத்தில் இருந்தவரே கையெழுத்திட்டு எழுதியது. வந்தது மனுஷி இல்லையென்றால் வேறு யார்? நான்காம் அறைக்கு இப்போது இரண்டு மாதம் முன்பே பதிய வேண்டும். பேயை நம்பாத மனிதர் அதற்குப் பிறப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்.

போன வருடம் அங்கிள் காலமானார். நீதானே அப்பாவுக்கு செக்ரட்டரி என்று சொல்லி, அவர் மகள் பிரேமினி அக்கா கோப்புகளை என்னிடம் கொடுத்தார். முப்பத்தொரு கோப்புகள், எல்லாம் ஒழுங்காக. 'மோரிப்' என்ற கோப்பில் ஆங்கிலத்தில் தொடங்கிய ஒரே ஒரு தாள். வாசு அண்ணன் முதலில் வந்த நாளின் தேதி, விடுதி முகவரி, 'எனது புகார் தொடர்பாக' என்று அடிக்கோடிட்ட தலைப்பு. அதன் கீழே 'ஐயா', ஒரு காற்புள்ளி. அவ்வளவுதான்.

வாசு அண்ணன் இப்போது மேருவில் ஒரு தொழிற்சாலையில் சுமைகூலி. கேட்டில் உட்கார இன்னும் யாரும் அவரை வைத்துக்கொள்வதில்லை. லோரியோடு அங்கே போகும் அப்பாவிடம், அங்கிள் சாவதற்கு முன் அந்த ஒரு வரியை எழுதினாரா என்று கேட்டிருக்கிறார். மீதியை எழுத எனக்கு ஆங்கிலம் தெரியும். சட்டையைப் பார்த்தவளும் நான்தான். ஆனால் என் பட்டம் எந்தக் கடிதத்தில் ஆரம்பித்தது என்பதும் எனக்குத் தெரியும். தாளை என் மேசையில் வைத்திருக்கிறேன். காற்புள்ளிக்கு அப்பால் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.