நாங்கதான் பாக்கலீங்க

மரகதம் டாக்டர் இறந்த செய்தி, நாமக்கல்லில் நானும் அவரும் சேர்ந்து நடத்திய கால்நடை மருத்துவமனையின் கைப்பேசிக்குத்தான் முதலில் வந்தது. அப்போது ஒரு நாயின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் படித்தேன். அவராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

எந்த வீக்கத்தையும் ஊசியால் உறிஞ்சிப் பார்க்காமல் அவர் பெயர் சொன்னதில்லை. "கட்டி தானா வந்து பேர் சொல்லாதுங்க, நாமதான் கேக்கோணும்" என்பார். நான் அவசரக்காரன். அதனால் என்னை 'ஜோசியரே' என்று கூப்பிடுவார்.

எருமப்பட்டி செல்லப்பன் அண்ணன் ஒருமுறை இதே கைப்பேசிக்குத் தன் நாய் கருப்பனின் படத்தை அனுப்பியிருந்தார். முன்னங்கால் மூட்டில் வீக்கம். சிமெண்டுத் தரையில் படுக்கும் நாய்களுக்கு அங்கே நீர் கோப்பது சாதாரணம். 'நீர்க்கட்டிதான், சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள்' என்று பதில் போட்டேன். நேரில் கூட்டிவரச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கருப்பன் மூன்று காலில் வந்தான். மரகதம் டாக்டர் ஊசி வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். மூட்டில் புற்றுநோய். நுரையீரல்வரை போயிருந்தது.

"சாக்கு பத்தலீங்களா? ரெண்டா மடிச்சுத்தானுங்க போட்டேன்" என்றார் அண்ணன்.

"சாக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. நாங்கதான் பாக்கலீங்க" என்றார் டாக்டர்.

நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த வாரமே கருப்பனை வலி தெரியாமல் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைத்தோம். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜோசியரே என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அது எனக்கு வலித்தது. இன்றும் மழைக்கு வாசலில் விரித்த சாக்கை மிதிக்காமல் தாண்டித்தான் போகிறேன்.

துக்க வீட்டுக்குச் செல்லப்பன் அண்ணனும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா தங்கமானவங்க. கருப்பன் விசயத்துல ஏதோ கண்ணு தப்பிருச்சு. நான் மனசுல வெச்சுக்கலீங்க சாமி" என்றார். இத்தனை நாளும் என் பிழைக்காக டாக்டரை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்டரை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் எனக்கு விட்டுப்போனது 'நாங்க' என்ற அந்த ஒரு சொல்தான். அதற்குள்தான் நான் ஒளிந்திருந்தேன்.

"அந்தப் பதில் நான் போட்டதுங்கண்ணா. டாக்டரம்மா இல்லீங்க" என்றேன்.

அண்ணன் தன் கையை எடுத்துக்கொண்டார்.