போர் இல்லாத சிப்பாய்க் கட்டுரை

பன்னிரண்டாம் வகுப்பில் வரலாற்றுக் கட்டுரைக்கு எல்லோரும் தளபதிகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பிடித்தது ஒரு சாதாரணச் சிப்பாயை. ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சிற்றூரில் குதிரைகளுக்கு லாடம் அடித்தவன். எல்லை தாண்டிப் போய், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்தவன். திரும்பி வந்து அதே தெருவில் பால்வண்டி ஓட்டினான். உலைப்பக்கம் மட்டும் போகவேயில்லை. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் துருவி, லாடத்தையும் பாலையும் பக்கம் பக்கமாக எழுதினேன். போருக்கு ஒரே வரி: போனான், வந்தான்.

"சண்டை எங்கே?" என்றார் வரலாறு படிப்பித்த சேர். "வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்துக் கொடு. இல்லாவிட்டால் பாதிப் புள்ளி போய்விடும்."

பல்கலைக்கழகத்துக்கு அந்தப் புள்ளி வேண்டும். அவனுடைய படைப்பிரிவு நின்ற இடங்களெல்லாம் புத்தகங்களில் கொட்டிக் கிடந்தன. ஒரே மாலையில் எழுதிவிடலாம்.

அந்தப் புதன்கிழமை, டோர்செட் பார்க் பகுதியில் இருந்த எங்கள் அபார்ட்மென்ற்றுக்கு, போர் நடந்த எங்கள் ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் அண்ணை தேத்தண்ணிக்கு வந்தார். அம்மா வழக்கமான விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பி, ஊரிலை என்ன செய்தனீர்?"

"சைக்கிள் கடை வைச்சிருந்தனான், அக்கா."

"இஞ்சை?"

"பேக்கரியிலை. பாண் சுடுற இடம். குளிரே தெரியாது."

"அப்ப கனடாவிலை வேர்க்கிற முதல் ஆள் நீர்தான்," என்றார் அப்பா.

தேத்தண்ணிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அங்கிள் விடவில்லை. "உது சரி. இடையிலை கொஞ்ச வருசம் எங்கை நிண்டனீர்?"

அண்ணை கோப்பையை வைத்துவிட்டு எழுந்து பல்கனிக்குப் போனார்.

"விசர்க் கேள்வி கேட்காதேங்கோ," என்றார் அம்மா அங்கிளிடம். "அவர் விரும்பினால் சொல்லுவார். வாய் சும்மா இருக்கேலாட்டி ரோல்ஸ் எடுங்கோ."

எங்கள் வீடுகளில் முன்னதைக் கேட்போம், இப்போதையதைக் கேட்போம். இடையில் உள்ளது அவரவருடையது. லாடக்காரனுக்கு மட்டும் அந்த மரியாதையை ஏன் மறுக்க வேண்டும், செத்துப்போய்விட்டான் என்பதாலா?

வெள்ளிக்கிழமை கட்டுரையை அப்படியே நீட்டினேன்.

"ஒன்றும் மாற்றவில்லையே?" என்றார் சேர்.

"இல்லை, சேர். படை நின்ற இடம் தெரியும். அவன் என்ன பட்டான் என்று அவன் எங்குமே சொல்லவில்லை. அவனுக்காக நான் இட்டுக்கட்ட மாட்டேன்."

"இன்னும் ஒரு கிழமை, அடுத்த வெள்ளி வரை தருகிறேன்."

"வேண்டாம், சேர். வெட்டுங்கள்."

வெட்டினார். அந்தப் பாதிப் புள்ளியோடுதான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். வீடு முழுக்க எஞ்சினியரிங் என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் கேட்ட பாடம் வரலாறு.