ஒரு விரற்கடை குட்டை

யூனிஃபார்ம் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு யாரையும் திட்டக் கூடாது என்பது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அன்றைக்கு மகள் அனுப்பிய செய்தியைப் படித்ததும் கத்தரிக்கோலை வைத்தாள், கழுத்தில் தொங்கிய அளவுநாடாவையும் கழற்றி வைத்தாள். கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மகள் வெளியூரில் மருந்தாளர். அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்டு முப்பது வருஷம் ஆகிறதே என்று நாலு நாள் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாள். கப்பலில் எல்லோரும் சாப்பிட ஒரு பெரிய கூடம் உண்டு. அது போதாதென்று, முன்கூட்டியே சொல்லிவைத்துப் போகிற ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட் என்று தனியாக ஒன்றும் உண்டாம். இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே இரண்டு பேருக்கு இடம் பிடித்திருந்தாள். அதுவரை சரி. அங்கே என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று கப்பல்காரர்கள் போட்ட பட்டியலையும் சேர்த்து அனுப்பியதில்தான் வந்தது வினை. அரைக்கால் சட்டை கூடாது. கையில்லாத பனியன் கூடாது. கால்விரல் தெரியும் செருப்பு கூடாது. ஆண்கள் கோட்டு அணிந்தால் நலம். மொத்தத்தில் 'ஸ்மார்ட் கேஷுவல்'.

அக்கா போனைப் போட்டாள்.

"அது என்னடி ஸ்மார்ட் கேஷுவல்?"

"ஸ்மார்ட்னா பளிச்சுனு இருக்கணும்மா. கேஷுவல்னா சாதாரணமா இருக்கணும்."

"ஒரே ஆள் பளிச்சுனும் இருக்கணும், சாதாரணமாவும் இருக்கணுமா? இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு தைக்கவா உங்கப்பாவுக்கு?"

"நீ எதுக்குத் தைக்கிற? கடையில ஒரு கோட்டு வாங்கிக்கோயேன்."

கடையில் வாங்குவதாம். முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் பாதிப் பேர் உடம்பில் ஏறியிருக்கிற துணி அவள் கை பட்டது, அவள் வீட்டுக்காரருக்குக் கடையில் கோட்டு வாங்குவதாம். அக்கா போனை வைத்த வைப்பில் மேசையிலிருந்த குண்டூசி டப்பா கவிழ்ந்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறைதான் அவள் கடை. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி துணி வெட்டுவதற்கான மாதிரி அட்டை. காவலாளிக்கு ஓர் அட்டை, நர்ஸுக்கு ஓர் அட்டை, வெயிட்டருக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வெட்டு இருக்கிறது. காவலாளிக்குத் தோளில் பஞ்சு வைக்கவேண்டும், ஒல்லிக்குச்சி ஆளும் வாட்டசாட்டமாகத் தெரிவான். வெயிட்டர் கோட்டில் கை ஒரு விரற்கடை குட்டையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பரிமாறும்போது குழம்பில் தோயும். இரண்டு பக்கமும் பைக்கு மூடி மட்டும் வைக்கவேண்டும், உள்ளே பை கிடையாது. பை இருந்தால் கையை விட்டுக்கொண்டு நிற்பார்கள், முதலாளிக்குப் பிடிக்காது. கை மடிப்புக்குள் மட்டும் இரண்டு விரற்கடை துணி தாராளமாக விட்டிருப்பாள். இன்றைக்கு இந்த ஆள் போட்டிருக்கும் கோட்டை நாளைக்கு அவனைவிட நெட்டையான ஒருத்தன் தலையில் கட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்காரரையும் அவள் அளவெடுத்துத்தான் பிடித்தாள். பதினோரு மாடி ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு யூனிஃபார்ம் தைக்கப் போய், தோளை அளந்து, மார்பை அளந்து, மனசையும் அளந்துவிட்டாள் என்று கடைத்தெருவே கேலி பண்ணும். முப்பத்தொரு வருஷம் அந்தப் பெட்டிக்குள் நின்றார் மனிதர். உட்கார ஒரு முக்காலி கொடுத்திருந்தார்கள். யாராவது ஏறினால் எழுந்து நிற்கவேண்டும், யாராவது ஏறிக்கொண்டேதான் இருப்பார்கள். வேலை முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டு வாசலில் நிழல் தட்டினாலே எழுந்துவிடுவார்.

அக்காவின் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ஒன்பது வருஷம் தினமும் அந்த லிஃப்டில் ஏறி இறங்கிய ஓர் அதிகாரி, ஒரு லீவு நாளில் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். சாதாரணச் சட்டையில் போன இவர் சிரித்து வணக்கம் சொன்னார். அந்த ஆள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றான். 'பாவம், அவருக்கு என்னை அந்தச் சட்டையிலதான் தெரியும்' என்று இவர் சமாதானம் சொன்னார். பாவமா? அவனா பாவம்? அக்காவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால்தான் கப்பல் சாப்பாட்டுக்கு அவள் சம்மதித்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மனிதர் உட்கார்ந்திருக்கவேண்டும். இன்னொருவர் வந்து நின்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும். அவருடைய உடம்பில் யூனிஃபார்ம் இருக்கக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

நல்ல கறுப்புத் துணியாக எடுத்தாள். ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நாலு சட்டைக்கு நடுவே கோட்டுக்கு ஒரு கை, ஆறு பாவாடைக்கு நடுவே இன்னொரு கை என்று தைத்தாள். யோசிக்க நேரமில்லை, கை தன் பாட்டுக்கு ஓடியது. முடித்து, தேய்த்து, அவருக்கு மாட்டிப் பார்த்தபோது குறை என்று ஒன்று அவள் கண்ணில் படவில்லை.

கப்பலில் அவர்களுடைய அறை இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டிலில் ஏறவேண்டிய அளவு. இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்தபடி நின்றார்.

"கையில என்னங்க டப்பா? கோட்டுப் பையில போடுங்க."

"போகலம்மா."

"என்னத்தப் போகல? நேரமாச்சு, வாங்க."

ரெஸ்டாரண்ட் வாசலில் உயரமான மேசைக்குப் பின்னால் ஒரு பெண் பட்டியலோடு நின்றிருந்தாள். முன்னால் போன ஒரு தடித்த ஆளைப் பார்த்து, "வாங்க சார், வாங்க சார்" என்று வாயெல்லாம் பல்லாகக் கும்பிடாத குறையாக உள்ளே அனுப்பினாள். அந்த ஆளின் சட்டை கசங்கியிருந்தது. கீழே செருப்பு. பத்துக் கால்விரலும் வரிசையாகத் தெரிந்தன. கூடவே முத்துமாலை போட்ட அவர் மனைவி. பட்டியலைப் படித்த கேனைகள் நாம் மட்டும்தான் போலிருக்கிறது என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

அடுத்து இவர்கள். அந்தப் பெண் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சர்வீஸ் ஆளுங்க பின்பக்கமா போங்க. இது கெஸ்ட் வர்ற நேரம்."

"சரிங்க" என்று அவர் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டீர்களா கொடுமையை. அக்கா பாய்ந்து கோட்டு வாலைப் பிடித்து இழுத்தாள்.

"இவரு என் வீட்டுக்காரர். ரெண்டு பேர்னு எழுதியிருக்கா பாரு. படிக்கத் தெரியும்ல?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. "சாரி மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க." சாரியையும் அக்காவிடம்தான் சொன்னாள், அவரிடம் சொல்லவில்லை. அது வேறு எரிந்தது.

ஜன்னலோரத்தில், அந்தப் பத்து விரல்காரருக்குப் பக்கத்து மேசை. வெள்ளை விரிப்பின் மேல் ஆளுக்கு மூன்று கத்தி, மூன்று முள்கரண்டி. எதை எதற்கு எடுப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சரியாக ஒரு நிமிஷம். முத்துமாலைக்காரி திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி, "கொஞ்சம் தண்ணி" என்றாள். இவர் எழுந்தார், ஓரத்திலிருந்த ஜாடியை எடுத்தார், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார், வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கென்ன தலையெழுத்தா?" அக்கா குரலை அடக்கினாள், ஆனால் கழுத்து நரம்பு புடைத்தது.

"தண்ணிதானே கேட்டாங்க. குடுத்தா குறைஞ்சா போயிருவேன்?"

"குறைஞ்சுதான் போறீங்க. முப்பது வருஷமா குறைஞ்சுக்கிட்டே இருக்கீங்க."

அவர் கண்ணாடிக் கூட்டை மேசையின் மேல் வைத்தார், எடுத்தார், மடியில் வைத்துக்கொண்டார். மகளுக்கு ஒரு போன், கப்பல் முதலாளிக்கு ஒரு கடிதம், முத்துமாலைக்காரிக்கு நறுக்கென்று நாலு வார்த்தை என்று அக்கா மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வெயிட்டர் இரண்டு கிண்ணம் சூப்போடு வந்தார். காதோரம் நரைத்த ஆள். வைத்துவிட்டுப் போகாமல், வீட்டுக்காரரின் கோட்டையே பார்த்தார்.

"சார் முன்னாடி எந்த ஹோட்டல்ல இருந்தீங்க?"

"ஹோட்டல் இல்லீங்க. லிஃப்ட்ல."

"அப்படியா? கோட்டைப் பார்த்துக் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, கை நம்ம கை." சொல்லிவிட்டுத் தன் கையை அவர் கையோடு ஒட்டி நீட்டினார். இரண்டு கறுப்புக் கையும் ஒரே இடத்தில் முடிந்தன. இரண்டிலும் ஒரே அளவு சட்டை வெளியே தெரிந்தது. "இவ்வளவு சுத்தமா வெட்டறவங்க இப்ப இல்ல சார். யார் தைச்சது?"

அக்கா சட்டென்று கையை நீட்டி வீட்டுக்காரர் கோட்டின் பக்கப் பையைத் தடவினாள். மூடி இருந்தது. மூடிக்குக் கீழே வெறும் துணி. 'போகலம்மா' என்று அவர் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

"ஏங்க, அப்பவே சொல்லியிருக்கலாம்ல, பை இல்லன்னு."

"நீ ஆசையா தைச்ச. எப்படிச் சொல்றது?"

வாசலில் நின்ற பெண்ணைத் திட்டினாளே, அதிகாரியைப் பதினைந்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாளே, அந்தத் திட்டெல்லாம் அவள் நெஞ்சிலேயே வந்து இறங்கியது. ஊரான் அவரை வேலைக்காரராகப் பார்த்தான், போகட்டும். கட்டியவள் கையுமா அப்படியே வெட்டும்? அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் பெரிதாக வந்தது. இந்தத் தடவை கோபம் தன் பத்து விரல்கள் மேல்.

கீழே வைக்கக் கத்தரிக்கோல் இல்லை. அவள் கத்தியை எடுத்தாள். மூன்றில் எது கூரோ அது.

"கையை நீட்டுங்க."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். நீட்டுங்க."

வெயிட்டர் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த மேசையை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். அக்கா கத்தி நுனியால் கை மடிப்பின் தையலைக் கொக்கி போட்டு இழுத்தாள். அவள் போட்ட கைத்தையல், எந்த இடத்தில் தொட்டால் அவிழும் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு விரற்கடை துணி உள்ளிருந்து இறங்கியது. அடுத்த கை. தேய்ப்புக் கோடு அப்படியே தெரிந்தது, நூல் பிசிறு தொங்கியது. முப்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு அலங்கோலமான ஒரு வேலையை அவள் கையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. கோட்டு அவர் மணிக்கட்டைத் தாண்டிக் கட்டைவிரல் வரைக்கும் வந்தது.

"சூப்பு ஆறுது, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெயிட்டர் நகர்ந்தார். அவர் விலகியதும் முத்துமாலைக்காரி மறுபடியும் கையைத் தூக்கினாள். கண் இவர் பக்கம்தான்.

"இந்தத் தட்டை எடுத்துடுப்பா."

வீட்டுக்காரர் பாதி எழுந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அவர் தொங்குகிற நூல் பிசிறைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மெள்ள உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலியில் முதுகு சாயும்படி உட்கார்ந்தார்.

"இல்லைங்கம்மா. நான் சாப்பிட வந்திருக்கேன்."

சாந்தமாகத்தான் சொன்னார், பதினோராம் மாடி வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. முத்துமாலைக்காரி அப்போதுதான் முதன்முதலாக அவர் முகத்தைப் பார்த்தாள். கை தானாகக் கீழே இறங்கியது.

அவர் கரண்டியை எடுத்து சூப்பை எட்டினார். நீண்டுபோன கறுப்புக் கை கிண்ணத்துக்குள் தோய்ந்து, ஒரு விரற்கடை அளவுக்கு ஊறிவிட்டது. துணியில் கறை என்றால் கொலை விழும் வீடு அது. அவர் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தார்.

"நனையட்டும்" என்றாள் அக்கா. "நீங்க சாப்பிடுங்க."